மலிவுச் சால்டரிங் அயனுக்குள் இருப்பவை

சால்டரிங் அயனைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே அதிகம் ஒன்றும் இருக்காது. மைக்கா தகட்டின் மேல் சுற்றிய நிக்ரோம் கம்பி, அதை மூடிய இரும்புக் குழாய், முனையில் ஒரு பிட்டு, சூடு ஏறாத கைப்பிடி, வயர், பிளக். பல பத்தாண்டுகளாக இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை, மாறியது விலைதான். 25 வாட் அயன் இன்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அயன், லெட் சுருள், பேஸ்ட் டப்பி, ஸ்டாண்டு, பம்ப் எல்லாம் சேர்ந்த கிட்டே சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. அந்த விலைக்குள் அடக்க எந்தப் பொருளைக் குறைத்தார்கள், எதை மாற்றி வைத்தார்கள் என்பதைப் பெட்டியின் மேல் யாரும் எழுதுவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டிய கட்டாயம் வாங்குபவருக்கு இருக்கிறது, ஏனென்றால் அந்த மேசையில் தினமும் உட்காரப்போவது அவர்தான்.

காரைக்காலில் இந்தக் கருவிக்கு வேலை குறைவில்லை. 2011 கணக்கெடுப்பின்படி 2,00,222 பேர் வாழ்ந்த சிறிய மாவட்டம் இது. செல்போன் ரிப்பேர் கடை, டிவி மெக்கானிக், இன்வெர்ட்டர் கடை என்று ஊருக்குள் இருப்பவை போக, கடற்கரையும் சால்டரிங்கை நம்பியிருக்கிறது. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி போன்ற மீனவக் கிராமங்களின் விசைப்படகுகளில் வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், மீன் கூட்டத்தையும் ஆழத்தையும் காட்டும் எக்கோ சவுண்டர் எல்லாம் ஓடுகின்றன. உப்புக்காற்று பட்டால் செம்புக் கம்பி பச்சையாகப் பூத்துப்போகும், இணைப்பு விட்டுப்போகும், மறுபடி சுரண்டிப் பற்றவைக்க வேண்டும். திருவேட்டக்குடியில் உள்ள தேசிய தொழில்நுட்பக் கழகத்திலும், பாலிடெக்னிக், ஐடிஐ வகுப்புகளிலும் படிக்கும் பிள்ளைகள் புராஜெக்ட் செய்யக் கையில் எடுக்கும் முதல் கருவியும் இதுவே. சென்னை ரிச்சி தெருவில் மொத்தமாக வாங்கி வரும் சரக்கும், ஆன்லைனில் வரும் சரக்கும் இவர்கள் கைக்கு வந்து சேர்கின்றன.

முதலில் லெட் சுருள், அதாவது பற்றவைக்க உருக்கும் கம்பி. கடைகளில் ‘60/40’ என்று கேட்டு வாங்கும் கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். ‘63/37’ கம்பி சரியாக 183 டிகிரி செல்சியஸில் உருகி, உடனே இறுகும்; அதனால் நுண்ணிய போர்டு வேலைக்கு அதைத்தான் நல்ல மெக்கானிக்குகள் தேடுவார்கள். காரீயம் இல்லாத வகையில் வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும், அல்லது செம்பு மட்டும் சேர்ந்திருக்கும். இவை 217 முதல் 227 டிகிரிக்குள் உருகத் தொடங்கும். விலையும் கூடுதல், பிட்டுக்குச் சூடும் கூடுதலாக வேண்டும், இணைப்பு பளபளப்பாகவும் இருக்காது. ரிப்பேர் கடைக்காரர் காரீயத்தை விடாமல் பிடித்திருப்பதற்குக் காரணங்கள் இவைதான். அவற்றைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது.

காரீயம் ஆவியாகி மூக்கில் ஏறும் என்பது பரவலான பயம். உண்மையில் காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். பிட்டு முனை 350 டிகிரியில் இருக்கும்போது அதிலிருந்து எழும் காரீய ஆவி கணக்கில் எடுக்கத் தக்க அளவில் இல்லை. தொட்டாலும் உலோகக் காரீயம் தோல் வழியாக அவ்வளவாக உடம்பில் இறங்காது. ஆபத்து கையிலிருந்து வாய்க்குப் போகும் வழியில் இருக்கிறது. கம்பியைப் பிடித்த விரலில் சாம்பல் நிறக் கறை படியும். அந்தக் கையாலேயே டீ கிளாஸை எடுப்பது, பேப்பரில் மடித்த வடையைப் பிய்ப்பது, பீடியை உதட்டில் வைப்பது எல்லாம் கடைகளில் சாதாரணம். இரண்டு கையிலும் வேலை இருக்கும்போது லெட் கம்பியைப் பல்லுக்கிடையில் கவ்விக்கொள்ளும் பழக்கமும் சிலரிடம் உண்டு. இதைவிட நேரடியாகக் காரீயத்தை உட்கொள்ளும் வழி வேறில்லை.

கண்ணுக்குத் தப்பும் இன்னொரு இடம் தூசி. விலை குறைந்த அயனோடு வரும் பிட்டு வெறும் செம்பு. உருகிய வெள்ளீயம் செம்பைக் கரைத்துத் தின்னும். சில நாளில் முனை குழிவிழுந்து கருத்துப்போகும். உடனே அரத்தை எடுத்து ராவி, பொடியை வாயால் ஊதித் தள்ளிவிட்டு மறுபடி வேலை தொடங்கும். அந்தப் பொடியில் செம்போடு காரீயமும் கலந்திருக்கிறது. ஊதிய பொடி மேசையிலும் தரையிலும் வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலிலும் படிகிறது. பிட்டைத் துடைக்கும் ஈர ஸ்பாஞ்சில் ஒட்டிக் காய்ந்த துளிகளும், டீசால்டர் பம்பைத் திறந்து தட்டும்போது கொட்டும் பொடியும் இதே வகை. இரும்பு முலாம் பூசிய பிட்டுக்கு ராவுதல் தேவையே இல்லை. ராவினால் முலாம் போய் பிட்டே வீணாகும். விலையில் சிறு வித்தியாசம் கொடுத்து முலாம் பிட்டு வாங்கினால் அரமும் பொடியும் மேசையை விட்டே போய்விடும். இந்தக் கட்டுரை சொல்லும் செலவுகளில் மிகவும் பலன் தரும் செலவுகளுள் இதுவும் ஒன்று.

உடம்புக்குள் போன காரீயம் ரத்தத்தில் சுமார் ஒரு மாதம் சுற்றும். மீதி எலும்பில் போய்த் தங்கிப் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையும்போது அதோடு சேர்ந்து இதுவும் ரத்தத்துக்குத் திரும்பும். பெரியவர்களுக்கு ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தசோகை, கை நரம்புத் தளர்ச்சி. குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியே குன்றும். பெரியவர் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு போல உடம்பில் சேர்கிறது என்றால், குழந்தைக்குப் பாதி வரை சேர்கிறது. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த குழந்தைக்கு இன்னும் கூடுதலாக ஏறும். வீட்டுத் திண்ணையிலோ ஹாலின் மூலையிலோ ரிப்பேர் மேசை போட்டிருக்கும் குடும்பங்களில், அதே தரையில் தவழும் குழந்தைதான் முதலில் பாதிக்கப்படும்.

இது இந்தியாவுக்குப் புதிய செய்தி இல்லை. பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 1999இல் வெளியிட்ட ஆய்வில், பெருநகரங்களில் பரிசோதித்த 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. அப்போது பெட்ரோலிலும் காரீயம் கலந்தார்கள். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் அது நின்றது. அதற்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை. சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2009இல் வெளிவந்த ஆய்வில் சராசரி அளவு 11.4 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராம் வந்தாலே காரணத்தைத் தேடி நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொல்லிவிட்டது. 2020இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்கின்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் அந்த 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருக்கிறது. அவர்களில் மிகப் பெரிய கூட்டம் இந்தியாவில். பெயின்ட், பழைய பேட்டரி உருக்கும் பட்டறை, மசாலாக் கலப்படம் எல்லாம் இதற்குப் பெரிய காரணங்கள். சால்டரிங் அவற்றைவிடச் சிறியது. ஆனால் அந்த மேசை இருக்கும் வீட்டுக்கு அது சிறியதன்று.

கடலோர ஊர்களில் காரீயம் வேறு வழியிலும் வீட்டுக்குள் வருகிறது. வலை ஆழத்தில் இறங்க அதன் அடிக்கயிற்றில் கோக்கும் ஈயக்குண்டு அதே உலோகம். வலை பின்னுவதும் பொத்துவதும் வீட்டு வாசலில் நடக்கும் வேலை. பழைய குண்டுகளை வாணலியில் உருக்கிப் புதிதாக வார்க்கும் இடங்களில், 327 டிகிரியில் உருகும் காரீயத்தை விறகு அடுப்பில் கட்டுப்பாடின்றிச் சூடேற்றும்போது மேலே மிதக்கும் கசடும் தூசியும் சால்டரிங் மேசையைவிடப் பன்மடங்கு காரீயத்தை வெளியே விடும். வலையும் ரிப்பேர் மேசையும் ஒரே வீட்டில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரான்சில் உறவுக்காரர்கள் உள்ள குடும்பங்கள் காரைக்காலில் ஏராளம். அந்த நாட்டில் நிலைமை எப்படி என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் காரீயம் இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டு, 2018 மார்ச் முதல் 0.3 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் உள்ள லெட் கம்பியைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது; தொழில் செய்பவர் மட்டுமே வாங்கலாம். பிரான்சில் உள்ள அண்ணன் மகன் கடையில் கேட்டு வாங்க முடியாத கம்பியை, காரைக்காலில் உள்ள தம்பி மகன் பள்ளிச் சீருடையிலேயே வாங்கி வர முடிகிறது. தமிழ்நாட்டுக்குள்ளேயே இந்த ஏற்றத்தாழ்வு உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய செல்போன் தொழிற்சாலைகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்ய வேண்டியிருந்ததால் காரீயம் இல்லாத இணைப்புக்கு வந்தன. புகையை உறிஞ்சும் குழாய்களும் அங்கே உண்டு. அங்கே செய்த போன் பழுதாகிக் கடைத்தெருவுக்கு வரும்போது அதைக் காரீயக் கம்பியால், புகைபோக்கி இல்லாத ஆறடி அகலக் கடையில், ஒருவர் தனியே உட்கார்ந்து பற்றவைக்கிறார். 2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் காரீய நஞ்சுதான் முதல் பெயர். ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலைக்கு. தனி ஆள் கடைக்கு அது எட்டவில்லை.

மலிவுச் சுருளில் எழுதியிருப்பது ஒன்று, இருப்பது வேறு என்பதும் உண்டு. வெள்ளீயத்தின் விலை காரீயத்தின் விலையைவிடப் பல மடங்கு. அதனால் ‘60/40’ என்று அச்சிட்டுவிட்டு உள்ளே காரீயத்தைக் கூட்டுவதில் விற்பவருக்கு லாபம். விகிதம் தலைகீழாகி 40 பங்கு வெள்ளீயம், 60 பங்கு காரீயம் ஆனால் கம்பி முழுதாக உருக 238 டிகிரி ஆகும். மெக்கானிக்கின் கைக்கு இது தெரிந்துவிடும்: பிட்டு வைத்தும் கம்பி தயங்கும், ஓடாது, இறுகும்போது குழம்பு போல இருந்து மங்கலாக, மணல் படிந்தாற்போல் நிற்கும். சூட்டைக் கூட்டினால் சரியாகும் என்று கூட்டுவார்கள். பேஸ்ட்டின் புகையும் கூடும். காரீயம் இல்லாத கம்பி இயல்பாகவே மங்கலாகத்தான் இறுகும் என்பதால், மங்கலை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ‘லெட் ஃப்ரீ’ என்று எழுதிய சுருள் 183 டிகிரி அளவிலேயே வழுக்கிக்கொண்டு உருகினால் அதில் காரீயம் இருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். சூட்டைச் சரியாகக் காட்டும் ஸ்டேஷன் உள்ளவர்கள் இதை நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

சால்டரிங் செய்யும்போது எழும் வெள்ளைப் புகை முழுக்க ஃப்ளக்ஸ். கம்பியின் நடுவில் ஊசிபோல் ஓடும் ராசின்தான் அந்த ஃப்ளக்ஸ்; அது பைன் மரப் பிசினிலிருந்து எடுப்பது. மரத்திலிருந்து வந்ததால் சாது என்று நினைப்பதற்கில்லை. சூட்டில் அது சிதைந்து ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகளும் பிசின் அமிலங்களின் நுண்துகள்களுமாகப் பிரிகிறது. தொழில்வழி ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் ராசின் புகையும் ஒன்று. பிரிட்டன் இதற்கு விதித்திருக்கும் வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். அவ்வளவு கடுமையாக வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு: ஒருவருக்கு ஒருமுறை இந்த ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் மூச்சை இறுக்கும். பெரும்பாலும் அவர் தொழிலையே விட வேண்டிவரும். இருபது வருஷம் கற்ற கைவேலையை ஒருவர் மூச்சு முட்டி விட நேர்வது பெரிய இழப்பு. வேலை நாளில் இருமலும் இழுப்பும் வந்து, லீவு நாளில் குறைந்தால் அது புகையின் வேலை என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘தூசி அலர்ஜி’ என்று மட்டும் சொன்னால் காரணம் மறைந்தே கிடக்கும்.

தனியாகச் சிறு டப்பியில் வரும் மஞ்சள் பேஸ்ட் இன்னொரு விஷயம். சிலவற்றில் துத்தநாகக் குளோரைடும் நவச்சாரமும் கலந்திருக்கும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரத்தைத் தூவும்போது குப்பென்று எழும் அதே வெள்ளைப் புகை இங்கேயும் சிறு அளவில் எழும். அது கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். போர்டில் மிச்சம் நின்றால் ஈரக்காற்றில் செம்பை அரிக்கும். காரைக்காலின் கடற்காற்றில் இப்படிப் பேஸ்ட் வைத்துப் பற்றவைத்த எக்கோ சவுண்டர் போர்டு வெகுநாள் தாங்காது. தகரத்துக்கும் கனத்த கம்பிக்கும் உரிய பேஸ்ட்டை எலெக்ட்ரானிக் போர்டில் வைக்கவே கூடாது. போர்டைத் துடைக்கப் பெயின்ட் தின்னரைப் பயன்படுத்துவதும் இதோடு சேர்த்து நிற்க வேண்டிய பழக்கம். தின்னரில் டொலுவின் இருக்கும்; சூடான அயன் பக்கத்தில் அதன் ஆவி தீப்பிடிக்கவும் செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அதைவிட மேல். அதுவும் எரியக்கூடியதே, ஆகவே போர்டு ஆறிய பிறகுதான் தொட வேண்டும்.

புகையை விரட்ட மேசைமேல் ஃபேனை வைத்து முகத்தை நோக்கி ஊத விடுவதில் பயன் இல்லை, போர்டும் ஆறிப்போகும். புகை எழும் இடத்துக்குப் பக்கத்தில், முகத்துக்கு எதிர்ப்புறம், காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும்படி ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் போதும். கருப்பு ஸ்பாஞ்ச் வைத்து விற்கும் சிறிய புகை உறிஞ்சிகள் வாடையைக் குறைக்கும், நுண்துகளைப் பிடிப்பது குறைவு. ஏசிக்காகக் கண்ணாடிக் கதவைப் பூட்டிய செல்போன் கடைகளில் புகை வெளியே போக வழியே இல்லை. அங்கே வாடிக்கையாளரும் அதையே சுவாசிக்கிறார்.

அயனுக்குள்ளே இனி. நிக்ரோம் கம்பியைத் தாங்கும் மைக்கா, தகடாக இருக்கும் வரை ஆபத்தில்லாத கனிமம். முதல்முறை சூடேறும்போது வரும் புகை அதை ஒட்டவைத்த பசையும் குழாயில் தடவிய எண்ணெயும் எரிவது. வெளியில் வைத்துப் பத்து நிமிடம் எரிய விட்டால் தீர்ந்துவிடும். கவலைக்குரியது பழைய அயன்களிலும் பழைய இஸ்திரிப்பெட்டிகளிலும் உள்ள வெள்ளை நூல் சுற்று. புதியவற்றில் அது பெரும்பாலும் கண்ணாடி இழை; பழையவற்றில் கல்நாராக இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் உறுதியான நிலை. 1995இல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலக் கண்காணிப்புக்கு உத்தரவிட்டும், வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்வது இந்தியாவில் இன்னும் தடைசெய்யப்படவில்லை. ஆகையால் பழைய அயனைப் பிரித்து நூலைச் சுரண்டுவதும், சூடு தாங்க வேண்டும் என்று கூரைத் தகட்டை உடைத்து மேசையில் போட்டுக்கொள்வதும் கூடாது. சிலிகான் விரிப்பு விற்கிறது, அது போதும்.

வயர் பெரும்பாலும் பிவிசி. சாதாரண பிவிசி 70 டிகிரிக்கு மேல் தாங்காது, அயன் முனையோ 350 டிகிரி. வயர் தவறி முனையில் பட்டால் உருகி, மூக்கை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், உள்ளே செம்பு தெரியும். பிவிசி சூட்டில் சிதையாமல் நிலைத்திருக்க மலிவு உற்பத்தியில் காரீய உப்புகளைச் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். குடிநீர்க் குழாய்களில் அதை நிறுத்த இந்தியா 2021இல் தனி விதியே கொண்டுவர வேண்டியிருந்தது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் பிளாஸ்டிக் கைப்பிடிகளில் காட்மியம் நிறமி இருக்க வாய்ப்புண்டு. காட்மியம் தமிழ் வீடுகளுக்குப் பழகிய பொருள்தான்: ‘கேடிஎம் நகை’ என்பது காட்மியம் கலந்த பொடியால் பற்றவைத்த நகை. 767 டிகிரியில் கொதிக்கும் காட்மியம் பொற்கொல்லரின் ஊதுகுழல் சுடரில் ஆவியாகி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கியது. அதனால்தான் கேடிஎம் முறை ஒதுக்கப்பட்டது. சால்டரிங் அயனின் சூடு அவ்வளவு எட்டாது. ஆனால் வெள்ளிப் பற்றாசுக் கம்பியைக் கேஸ் டார்ச்சில் உருக்கும் ஏசி மெக்கானிக்குகள் ‘காட்மியம் இல்லாதது’ என்று கேட்டு வாங்குவது அவசியம்.

இதுவரை சொன்னவை எல்லாம் மெல்லக் கெடுப்பவை. உடனே ஆளைக் கொல்லக்கூடியது எர்த் இல்லாத பிளக். வெளியே இரும்புக் குழாய், உள்ளே 230 வோல்ட்டில் ஓடும் கம்பி, நடுவில் மெல்லிய மைக்கா. அந்த மைக்கா ஓரிடத்தில் விரிசல்விட்டால் குழாயே மின்சாரம் பாயும் பொருளாகிவிடும். மூன்று பின் பிளக்கும், குழாயோடு இணைத்த பச்சை வயரும் இருந்தால் கசிவு நிலத்துக்குப் போகும். மலிவு அயன் பலவற்றில் இரண்டு பின் மட்டுமே. சிலவற்றில் மூன்று பின் இருந்தும் உள்ளே எர்த் வயர் எதனோடும் சேராமல் சும்மா கிடக்கும். 25 வாட் அயன் எடுப்பது 0.1 ஆம்பியர் அளவு; வீட்டு எம்சிபி 6 ஆம்பியருக்கு மேல்தான் விழும். மனித உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அதாவது ஒருவரைக் கொல்லும் மின்சாரத்தை எம்சிபி கவனிக்கக்கூட செய்யாது. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்சிசிபிதான் கவனிக்கும். வியர்த்த கை, வெறுங்கால், மழைக்காலத்தில் ஓதம் காத்த சிமென்ட் தரை, உப்புப் படிந்து பச்சை பூத்த பிளக் பாயின்ட் எல்லாம் ஒன்றுசேரும் காரைக்கால் கடற்கரையில் ஆர்சிசிபி என்ற இந்த ஒரு பொருளுக்குச் செலவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாங்கிய அன்றே மல்டிமீட்டர் கொண்டு இரண்டு சோதனை செய்யலாம், அயனைப் பிளக்கில் சொருகாமல். பிளக்கின் பெரிய பின்னுக்கும் பிட்டு முனைக்கும் இடையே மீட்டர் ஏறத்தாழ பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் எர்த் இணைப்பு இல்லை. மற்ற இரு பின்களில் ஒவ்வொன்றுக்கும் பிட்டுக்கும் இடையே தடை மிக மிக அதிகமாக, மீட்டரின் எல்லைக்கு அப்பால் காட்ட வேண்டும். காட்டும் எண் குறைந்தால் அயனைக் கடையில் திருப்பிக் கொடுப்பதே சரி. சாதாரண மீட்டர் சிறு வோல்ட்டில் அளப்பதால் இந்தச் சோதனை முழு நம்பிக்கை தராது. ஆனால் மோசமானவற்றை முதலிலேயே கழித்துவிடும்.

‘936’ என்ற புகழ்பெற்ற சால்டரிங் ஸ்டேஷனின் நகல்களிலும், மலிவு ஹாட் ஏர் ஸ்டேஷன்களிலும் பிழைகள் இன்னும் நுட்பமானவை. ஃபியூஸையும் சுவிட்சையும் ஃபேஸ் பக்கம் வைக்காமல் நியூட்ரல் பக்கம் வைத்தவை உண்டு. சுவிட்சை அணைத்தாலும் உள்ளே ஹீட்டர் வரை மின்சாரம் நிற்கும். இரும்பு உறைக்கு எர்த் கொடுக்காதவை உண்டு. பின் பேனலைத் திறந்து வயர் போகும் வழியை ஒருமுறை பார்ப்பது அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை. ஆனால் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். யுஎஸ்பி சி சார்ஜரில் ஓடும் புதிய சிறிய அயன்கள் 20 வோல்ட்டில் வேலை செய்வதால் அயனுக்குள் 230 வோல்ட் நுழைவதில்லை. அங்கே பாதுகாப்பின் பாரம் முழுக்க சார்ஜர் மேல். நூறு ரூபாய்ச் சார்ஜரை அதற்குப் போட்டால் பயன் கெட்டுவிடும்.

பெட்டியில் உள்ள முத்திரைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறக்குமதிக் கிட்டுகளில் சில, ‘கலிஃபோர்னியா மாநிலம் அறிந்த வரையில் புற்றுநோய் உண்டாக்கும் ரசாயனம் உள்ளது’ என்ற பொருளில் எச்சரிக்கை தாங்கி வருகின்றன. 1986இல் அந்த மாநில மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 65ஆம் முன்மொழிவின்படி அது எழுத வேண்டியது. எந்த ரசாயனம், கைப்பிடியிலா வயரிலா கம்பியிலா, எவ்வளவு என்பதெல்லாம் அதில் பெரும்பாலும் தெளிவாக இராது. எச்சரிக்கை இல்லாத பெட்டி பாதுகாப்பானது என்றும் அதற்குப் பொருளில்லை. ‘ரோஸ்’ என்று படிக்கும் ஆங்கில எழுத்துகள், காரீயம் 0.1 விழுக்காட்டுக்கும் காட்மியம் 0.01 விழுக்காட்டுக்கும் மேல் இல்லை என்று தயாரிப்பாளர் தாமே சொல்வது. ஐரோப்பாவில் இந்த வரம்பு 2006 ஜூலையில் வந்தது. இந்தியாவில் மின்கழிவு விதிகள் வழியாக 2014 மே முதல் நடைமுறைக்கு வந்து, 2022ஆம் ஆண்டு விதிகளில் பொருள்களின் பட்டியல் 106ஆக விரிந்தபோது மின்கருவிகளும் அதில் சேர்ந்தன. ‘சிஇ’ முத்திரையும் பெரும்பாலும் தயாரிப்பாளரே ஒட்டிக்கொள்வது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை எண் இருந்தால் அதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டுச் சரிபார்க்க முடியும். பிளக், வயர் ஆகியவற்றுக்காவது இதைப் பார்ப்பது நல்லது. சரிபார்க்க வழி உள்ள முத்திரை என்பதே அதன் மதிப்பு.

கை கழுவும் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை கொரோனாவுக்குப் பிறகு பரவியிருக்கிறது. சானிடைசர் கிருமியைக் கொல்லும். காரீயத் தூசியை அகற்றாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும், நகக்கண் வரை தேய்க்க வேண்டும். மேசையை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை வீட்டுத் துணிகளோடு துவைக்காமல் தனியே வைக்க வேண்டும். டீ கிளாஸுக்கு மேசையில் இடமே இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு எலெக்ட்ரானிக்ஸ் கற்றுத்தரப் பிரெட்போர்டு இருக்கிறது. கம்பியைச் சொருகினால் போதும். பள்ளியில் சால்டரிங்கே கற்றுத்தர வேண்டும் என்றால் காரீயம் இல்லாத கம்பிதான், அதுவும் ஜன்னல் திறந்த அறையில்.

ஓட்டை விழுந்த எவர்சில்வர் குடத்தையோ பித்தளைத் தவலையையோ ரிப்பேர் கடையில் கொடுத்து ‘ஒரு சொட்டு வைத்துக் கொடுங்கள்’ என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. எலெக்ட்ரானிக் லெட் கம்பியை உணவுப் பாத்திரத்தில் வைக்கவே கூடாது. புளிக்கரைசலும் எலுமிச்சையும் மோரும் காரீயத்தைக் கரைத்துக் குழம்பில் சேர்த்துவிடும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு தூய வெள்ளீயத்தால் ஆனது என்பதற்காக இதையும் அதுவாக நினைப்பது பெரும் தவறு. பழைய கடைக்காரர்கள் சிலர் இதை மறுத்து அனுப்பிவிடுகிறார்கள்; அவர்கள் செய்வது சரி.

வேலை முடிந்த பிறகு சேரும் கசடு, ஸ்பாஞ்ச், தேய்ந்த பிட்டு, வெட்டிய கால்கள், கழித்த போர்டுகள் எல்லாம் பொதுவாகத் தெருக் குப்பையில் விழுகின்றன, அல்லது காயலான் கடைக்குப் போகின்றன. அங்கே செம்புக்காக வயரை எரித்தால் பிவிசிப் புகையில் குளோரின் சேர்மங்களும் காரீயமும் சேர்ந்தே கிளம்பும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால் இங்கே மின்கழிவுக்குப் பொறுப்பு புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கு. வடக்கே பூவம் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் அது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கைக்குப் போகிறது. கழிவோ எல்லை பார்க்காமல் ஒரே வண்டியில் ஏறுகிறது. கடைக்காரர் செய்யக்கூடியது, கசடையும் கம்பித் துண்டையும் மூடியுள்ள ஒரு டின்னில் தனியாகச் சேர்த்து, போர்டுகளோடு பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளருக்குக் கொடுப்பது. தனித்தனிக் கடையாக இருந்தால் ஒரு டின் நிறைய மாதங்கள் ஆகும். தெருவில் உள்ள கடைகள் சேர்ந்து ஒரே இடத்தில் வைத்தால் எடுத்துப்போக ஆள் வருவது எளிது.